ஹெல்ம் பம்புக்குள் ஒரு அரக்கு நூல்

முப்பத்திரண்டு வருஷம் ஹைட்ராலிக் வேலை பார்த்தவன் நான். டிராக்டர், பொக்லைன், டிப்பர் லாரி எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆரணியில் சேவூர் போகிற ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை. முட்டி தேய்ந்து குந்த முடியாமல் போன பிறகு கடையை மூடிவிட்டேன். இப்போது தொழிலில் இருப்பவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சந்தேகம் கேட்பார்கள், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் போடுவேன்.

போன மாதம் ஒருவர் கேட்டார்: "ஐயா, போட் ஸ்டீயரிங் ஃபிட்டிங்குக்கு பட்டு நூல் சுத்தலாமா?" சுற்றக் கூடாது என்று போட்டேன். "ஏன்?" என்று கேட்டார். அதற்கு ஒரு வரியில் பதில் போட எனக்குக் கை வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஏழுமலை என்று ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கு நான் செய்தது இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்பட எதுவும் இல்லை. படித்துவிட்டு என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டலாம்.

1. கேபிள்

ஏழுமலை முதல் தடவை என் கடைக்கு வந்தபோது தோளில் ஒரு கறுப்புக் கேபிளை வளையமாக மாட்டிக்கொண்டு மொபெட்டிலிருந்து இறங்கினார். ஊர் முள்ளிப்பட்டு. அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு தறி நெய்தவர். பிறகு ஓர் அணையின் படகுத்துறையில் மோட்டார் போட் டிரைவராகப் போய்ச் சேர்ந்திருந்தார். அணையின் பெயர் வேண்டாம். ஆரணியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ராஜண்ணா, இது போட்டு ஸ்டீயரிங் கேபிளு. துரு புடிச்சி இறுகிப்பூட்சி. ரெண்டு கையால இழுத்தாத்தான் இன்ஜின் திரும்புது. ராத்திரி தோள தூக்க முடியல" என்றார்.

சின்ன அவுட்போர்டு போட்டில் இன்ஜின் பின்பக்கம் வெளியே தொங்கும். முன்னால் இருக்கிற வீலைத் திருப்பினால் கேபிளுக்குள் இருக்கும் கம்பி தள்ளும் அல்லது இழுக்கும், இன்ஜின் அந்தப் பக்கம் திரும்பும். சைக்கிள் பிரேக் ஒயர் போலத்தான். உள்ளே தண்ணீர் இறங்கி துரு ஏறிவிட்டால் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் வீண்.

புதுக் கேபிள் வாங்கிப் போடச் சொன்னேன்.

"இல்லண்ணா. ஹைட்ராலிக்கா மாத்திக் குடுங்கன்னு மொதலாளி கிட்ட நான் தான் கேட்டுகினே இருந்தேன். இப்பதான் சரின்னாரு. இந்தப் பக்கத்துல ஹைட்ராலிக்னா ஒங்கள உட்டா யாரு கீறாங்க?"

இந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தேன். நான் அதுவரை போட்டைத் தொட்டதே இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஹைட்ராலிக் எங்கே இருந்தாலும் ஹைட்ராலிக்தானே என்று நினைத்துக்கொண்டு, "கிட் வரட்டும், மாட்டிடலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சொன்ன முதலாளி தயாளன். முள்ளிப்பட்டில் வீடு வீடாகப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைப்பவர். அந்தப் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஏழுமலை அவர் கொடுத்த பட்டை நெய்து, அவருடைய போட்டுக்கே டிரைவராகப் போனவர்.

2. கிட்

கிட் சென்னையிலிருந்து ஒரே பெட்டியில் வந்தது. வீலுக்குப் பின்னால் மாட்டும் ஹெல்ம் பம்ப், இன்ஜின் முன்னால் மாட்டும் சிலிண்டர், நடுவே இரண்டு ஹோஸ், ஆயில் பாட்டில், சீலன்ட் பேஸ்ட் ஒரு சின்ன ட்யூப், ஒரு புத்தகம். யூடியூபில் நான்கு வீடியோ பார்த்துக்கொண்டு போனேன்.

வேலை இதுதான். வீலைத் திருப்பினால் பம்ப் ஆயிலை ஒரு ஹோஸ் வழியாக அனுப்பும், சிலிண்டர் இன்ஜினைத் தள்ளும். கையை எடுத்தாலும் இன்ஜின் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். அப்படி நிறுத்துவது பம்புக்குள் இருக்கும் செக் வால்வ். மிளகு அளவு குண்டு ஒன்று ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆயில் திரும்பி வராது. டிராக்டரில் ஆயில் வரும் வழியில் ஃபில்டர் இருக்கும், தூசி துரும்பை அரித்துவிடும். போட்டின் கையால் சுற்றும் பம்பில் ஃபில்டர் கிடையாது. உள்ளே என்ன போனாலும் குண்டில்தான் போய் உட்காரும்.

புத்தகத்தில், ஹோஸைப் பம்போடு இணைக்கிற ஃபிட்டிங்கை மாட்டும் பக்கத்தில் டேப்பைப் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருந்தார்கள். டெஃப்லான் டேப் சுற்றாதே, பேஸ்ட் மட்டும் தடவு என்று அர்த்தம். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வேலை நடந்த இரண்டு நாளும் ஏழுமலைதான் என்னோடு கூட இருந்தார். ஸ்பேனர் நம்பர் சொன்னால் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். மத்தியானம் அவர் வீட்டுச் சாப்பாடு. எனக்கும் சேர்த்து அவர் மனைவி சரளா தூக்கில் கட்டிக் கொடுத்திருந்தார். கத்தரிக்காய்க் காரக்குழம்பு. முதல் நாள் சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே, "வா ஏழுமல, ஒரு கட்டிங் போட்டுட்டுப் போலாம்" என்று கூப்பிட்டேன்.

"வேணாம்ணா. நான் தொடறதில்ல."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் ஆவுது. தறியில குந்திகினு இருந்தப்ப ரொம்ப ஆடிட்டேன். பொண்ணு தலையில கை வெச்சி சத்தியம் பண்ணுன்னுட்டா எங்க ஊட்ல. பண்ணிட்டேன். ஒரே பொண்ணுண்ணா."

ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் போய்விட்டு வந்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த ஆள் குடிப்பதில்லை என்பது அந்தப் படகுத்துறையில் மற்ற யாரைவிடவும் எனக்கு நேராகத் தெரியும்.

3. நல்ல நேரம்

மூன்றாம் நாள் பூஜை. தயாளன் நல்ல நேரம் பார்த்து, பூசாரியை வரச் சொல்லி, ஹோட்டலில் கேசரி சொல்லிவிட்டார். பத்தரைக்குள் போட் தண்ணீரில் ஓட வேண்டும்.

காலையில் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தோம். ஹோஸில் காற்று நின்றால் வீல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருவர் வீலைச் சுற்ற, இன்னொருவர் சிலிண்டரில் நிப்பிளைத் திறந்து மூடி காற்றை வெளியே விட வேண்டும். ஏழுமலை சுற்றினார், நான் நிப்பிளில் நின்றேன். முடியும் நேரத்தில் பார்த்தால் பம்புக்குப் பின்னால் இடது ஃபிட்டிங்கில் சொட்டுச் சொட்டாக ஆயில் கசிந்தது. கழற்றினேன். த்ரெட்டில், அதாவது அந்த மறையில், திரும்பவும் தடவப் பேஸ்ட் இல்லை. ட்யூபை முந்தின நாளே தீர்த்திருந்தேன், கொஞ்சம் தாராளமாகவே.

"இன்னா மேஸ்திரி, ஆச்சா? ஜல்தி பாருங்க. நேரம் போவுது" என்றார் தயாளன். கையில் வாட்ச், பட்டு வேட்டி.

வேறு ஊர் மெக்கானிக்காக இருந்தால் ஆரணிக்கோ வேலூருக்கோ ஆள் அனுப்பியிருப்பான். இல்லை, இன்றைக்கு முடியாது என்று சொல்லியிருப்பான். நான் ஆரணிக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர்க் குழாய்க்காரன், மோட்டார் மெக்கானிக், பஞ்சர்க் கடைக்காரன் எல்லார் பையிலும் ஒரு சுருள் பட்டுக் கழிவு இருக்கும். தறி வீடுகளில் அறுத்துப் போடுகிற நூல். சணலைவிட மெல்லிசு, இழுத்தால் அறாது, த்ரெட்டில் சுற்றிக் கொஞ்சம் பெயின்ட் தொட்டு முறுக்கினால் பத்து வருஷத்துக்குச் சொட்டாது. டிராக்டரில் நூறு ஃபிட்டிங் அப்படிச் செய்திருப்பேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

டூல் பையில் அரக்கு நிறத்தில் ஒரு சுருள் கிடந்தது. புத்தகம் டேப்பைத்தான் வேண்டாம் என்றது, நூலை வேண்டாம் என்று சொல்லவில்லை என்று ஒரு நியாயம் தோன்றியது. ஏழு சுற்று சுற்றினேன். முறுக்கினேன். கசிவு நின்றது.

பூசாரி இன்ஜினுக்கும் வீலுக்கும் சந்தனம் வைத்தார். பத்து இருபதுக்கு ஏழுமலை போட்டை எடுத்தார். ஒரே விரலால் வீலைத் திருப்பி வட்டம் அடித்துவிட்டு வந்து, கரையில் இறங்கினதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என் தோளு ஒங்களுக்கு கடன் பட்டு கீதுண்ணா" என்றார்.

4. இரண்டு போன்

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். வலது பக்கம் திருப்பி உட்டா கொஞ்ச நேரத்துல அதுவா இடது பக்கம் வந்துகினு கீது. கைக்கு ஒரு மாதிரி தெரியுது."

"கேபிள் பழக்கம் ஒனக்கு. ஹைட்ராலிக் அப்படித்தான் லேசா இருக்கும்" என்றேன்.

இன்னும் நான்கு நாளில் மறுபடி. இந்தத் தடவை குரலில் தயக்கம். "ஒரு தபா வந்து பாத்துட்டு பூட்டீங்கன்னா நல்லாருக்கும். மொதலாளி கிட்ட சொன்னேன், லீவு நாளு, கூட்டம் வருது, ஓட்டுன்றாரு."

கடையில் ஒரு பொக்லைன் பம்ப் பிரித்துப் போட்டபடி கிடந்தது. எரிச்சலில் இருந்தேன். "ஏர் இருக்கும். ஆயில் டாப்-அப் பண்ணிக்கோ. சும்மா பேஜார் பண்ணாத" என்று வைத்துவிட்டேன்.

முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். திருப்பி விட்ட ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருகிறது என்றால் செக் வால்வ் மூடவில்லை என்று அர்த்தம். காற்று இருந்தால் இரண்டு பக்கமும் அமுங்கும், ஒரு பக்கம் மட்டும் நழுவாது. டிராக்டர்காரன் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் உடனே வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பேன். சொன்னது நேற்றுவரை தறியில் உட்கார்ந்திருந்த ஆள். அவர் கைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பட்டு இழை ஒன்று தளர்ந்தால் கண்ணால் பார்க்கும் முன்னே விரலால் கண்டுபிடிக்கிற கை அது.

5. ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டில் ஆறு பேர். வந்தவாசியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர், அவர் குடும்பம். கரைக்குத் திரும்பும்போது போட் தானாக இடது பக்கம் இழுத்தது. ஏழுமலை வலது பக்கம் திருப்பியிருக்கிறார். வீல் சும்மா சுற்றியிருக்கிறது, இன்ஜின் திரும்பவில்லை. ஆக்சிலேட்டரைக் குறைப்பதற்குள் கரையில் பதித்திருந்த கல்லில் போய் மோதியது. எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் உயிர் போகவில்லை. ஆசிரியருக்கு முழங்கை எலும்பு முறிந்தது. ஏழுமலைக்கு நெற்றியில் ஆறு தையல்.

கரையில் இருந்த கூட்டத்தில் யாரோ ஒருவன், "கண்ணு செவந்து கீது பாரு, குடிச்சிட்டு ஓட்டி கீறான்" என்றானாம். நாள் முழுக்கத் தண்ணீரும் வெயிலும் அடிக்கிற கண் சிவக்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. "ஊதச் சொல்லுங்க, ஊதறேன்" என்று ஏழுமலை ரத்தத்தோடு கேட்டுக்கொண்டே இருந்தாராம். போலீஸ் வரைக்கும் போக வேண்டாம் என்று தயாளன் ஆசிரியர் வீட்டாரிடம் பேசி முடித்துவிட்டார். கேஸ் இல்லை என்றால் ஊதவும் இல்லை, ரத்தமும் எடுக்கவில்லை. தான் குடிக்கவில்லை என்று காட்ட அவருக்கு இருந்த ஒரே வழியும் அத்தோடு மூடிக்கொண்டது.

மறுநாள் காலை தயாளன் கார் அனுப்பினார். பம்பைப் போட்டிலிருந்து கழற்றி, படகுத்துறை ரூமில் மேஜைமேல் வைத்துத் தனியாகப் பிரித்தேன். இடது ஃபிட்டிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நான் சுற்றிய நூலின் முனை, முறுக்கும்போது த்ரெட் விளிம்பில் வெட்டுப்பட்டு, காணவில்லை. செக் வால்வைத் திறந்தேன். குண்டுக்கும் அது உட்காரும் ஓட்டைக்கும் நடுவில் ஒரு இஞ்ச் அரக்கு நூல் சுருண்டு கிடந்தது.

அதை நகத்தால் எடுத்தேன். கெரசின் தட்டில் போட்டேன். பம்பைக் கழுவினேன், குண்டைத் துடைத்து உட்கார வைத்தேன், இதற்குள் வாங்கி வைத்திருந்த பேஸ்டைத் தடவி ஃபிட்டிங்கை மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் பம்ப் புதுசு போல இருந்தது. தட்டில் இருந்த கெரசினை வெளியே மண்ணில் கொட்டினேன். பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொன்றையும் நிதானமாகத்தான் செய்தேன்.

6. லெட்டர்

தயாளன் வாசலில் நின்றிருந்தார். ஏழுமலை கொஞ்சம் தள்ளி, தலையில் கட்டோடு, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்து நின்றார். நான் ஏதாவது கண்டுபிடித்திருப்பேன் என்று நம்பி நின்றார் என்பது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

"இன்னா மேஸ்திரி, பாத்தீங்களா? ஸ்டீயரிங்ல எதுனா கீதா?"

"ஸ்டீயரிங் நல்லா கீது மொதலாளி" என்றேன். அதில் பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் நன்றாகத்தான் இருந்தது.

"அத எழுதிக் குடுத்துடுங்க. குத்தகை குடுத்த ஆபீஸ்ல மெக்கானிக் லெட்டர் கேக்கறாங்க. ஸ்டீயரிங் மேல தப்புன்னா ஒங்க பேரும் கெடும், என் குத்தகையும் பூடும். இன்னும் மூணு போட்டு மாத்தணும்னு இருக்கேன், ஒங்களுக்குத்தான் அந்த வேலையும்."

அவர் மிரட்டவில்லை. கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே என்ன கிடந்தது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. என் லெட்டர்பேடில் எழுதினேன்: ஸ்டீயரிங் சிஸ்டத்தைப் பிரித்துப் பார்த்தேன், நல்ல நிலையில் இயங்குகிறது. தேதி, கையெழுத்து, கடை சீல்.

தயாளன் அதை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். "ஏழுமல, மேஸ்திரி பாத்துட்டாரு. ஸ்டீயரிங்ல ஒண்ணும் இல்லியாம். நீ நாளைலேர்ந்து வராத" என்றார்.

ஏழுமலை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அண்ணா, வலது பக்கம்தாண்ணா திருப்பினேன். வீலு சும்மா சுத்துச்சிண்ணா" என்றார்.

நான் டூல் பையை மூடிக்கொண்டிருந்தேன். "பிரிச்சிப் பாத்துட்டேன் ஏழுமல. ஒண்ணும் இல்ல" என்றேன். அவரைக் கட்டிங்குக்குக் கூப்பிட்டுப் பார்த்தவன், அவர் வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டவன், அந்த ஆள் குடிக்க மாட்டார் என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் அடுத்ததும் வாயில் வந்துவிடும் என்று பயம்.

அந்த மூன்று போட் வேலை எனக்கு வந்தது. பேஸ்ட் தடவி, ஒழுங்காக மாட்டிக் கொடுத்தேன். நான்கு போட்டும் நன்றாக ஓடின.

7. முள்ளிப்பட்டு

ஆறு வருஷம் போய்விட்டது. இடையில் ஏழுமலையை ஆரணி பஸ் ஸ்டாண்டில் இரண்டு தடவை தூரத்தில் பார்த்துவிட்டு வேறு பக்கம் நடந்திருக்கிறேன். போன மாதம் குரூப்பில் அந்த "ஏன்?" வந்த மறுநாள் முள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

வீட்டின் உள்ளே இரண்டு தறி. ஒன்றில் அவர், ஒன்றில் சரளா. வேறு ஒரு முதலாளியிடம் பட்டு வாங்கி நெய்கிறார்கள், தயாளன் விபத்து நடந்த வாரத்தோடு நூல் கொடுப்பதையும் நிறுத்திவிட்டாராம். நெற்றித் தழும்பைத் தவிர ஆள் பெரிதாக மாறவில்லை. என்னைப் பார்த்ததும் தறியிலிருந்து எழுந்து வந்து நாற்காலி போட்டார். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் வந்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஒங்களுக்கு நான் அன்னைக்கி கெட்ட பேரு வாங்கி குடுக்கப் பாத்தேண்ணா. மனசுல வெச்சிக்காதீங்க. வலது பக்கம் திருப்பினேன், வலது பக்கம் திருப்பினேன்னு நானும் சொல்லிகினே இருந்தேன். பொறவு யோசிச்சிப் பாத்தா, பதட்டத்துல இடது பக்கந்தான் திருப்பி கீறேன் போல. என் கைதான் தப்பு பண்ணிடுச்சி."

இதற்கு நான் தயாராக இல்லை. என்னை அடிப்பார், திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். ஆறு வருஷத்தில் என் பொய்யை அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

சொன்னேன். பேஸ்ட் தீர்ந்தது, நூல் சுற்றியது, குண்டில் சிக்கியது, நான் எடுத்தது, லெட்டர் எழுதியது. வரிசையாக, எதையும் விடாமல். தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"நூலு இன்னா கலரு?" என்று கேட்டார்.

"அரக்கு."

"அப்ப வலது பக்கம்தான் திருப்பினேன்."

"வலது பக்கம்தான்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தறியின் பக்கம் பார்த்து, "சரளா, அத நிறுத்திட்டு வா" என்றார். தறிச் சத்தம் நின்றது. "அண்ணா, இப்ப எங்கிட்ட சொன்னத இவ கிட்ட ஒரு தபா சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாவது தடவை கஷ்டமாக இருந்தது. அந்த அம்மா நின்றபடியே கேட்டார்.

"அப்ப இவரு குடிக்கல?"

"குடிக்கலம்மா. நான் கூப்ட்டப்ப கூட வரல."

"அது ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

சரளா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்த வருசம் பொண்ணு வண்டியிலேர்ந்து உயுந்து கால ஒடிச்சிகினா. சத்தியத்த மீறிட்டீங்க, அதான் புள்ளைக்கு வந்துச்சின்னு நான் இவர பேசாத பேச்சு இல்ல. ஆஸ்பத்திரியில எல்லாரும் இருக்க சொன்னேன். பொண்ணு கேட்டுகினு படுத்து கீது. இவரு பேசாம நின்னாரு. அன்னையிலேர்ந்து இவரு கையால ஒரு சொம்பு தண்ணி நான் வாங்கிக் குடிச்சதில்ல."

பெண் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாளாம். அப்பாவோடு பேச மாட்டாள். மாதம் ஒரு தடவை அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவாள், அவர் எடுத்தால் வைத்துவிடுவாள். சரளா போனை எடுத்து நம்பர் போட்டு ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"கண்ணு, போன வெச்சிடாத. இங்க ஒருத்தரு வந்து கீறாரு. அவரு சொல்றத கேளு."

மூன்றாவது தடவை சொன்னேன். யார் முகமும் தெரியாத ஒரு போனிடம் சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடித்த பிறகு, "அப்பா கிட்ட குடுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

ஏழுமலை போனை வாங்கினார். காதில் வைத்துக்கொண்டார். "ம்" என்றார். அப்புறம் போனோடு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அவர் திரும்பி வரும்வரை இருந்தேன். வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார், இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். வீட்டில் வெள்ளைத் தாள் இல்லை. டிசைன் வரைகிற கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடை இல்லாததால் சீல் இல்லை, அதற்குப் பதில் கைநாட்டும் வைத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தறியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

தெருமுனைவரை சரளா பின்னால் வந்தார். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்கண்ணா" என்றார். அண்ணா என்றுதான் சொன்னார்.

தயாளனிடமும் போய்ச் சொன்னேன். "அதான் முடிஞ்சி பூட்சே மேஸ்திரி, இப்ப இன்னாத்துக்கு?" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். குத்தகையை அவர் எப்போதோ விட்டுவிட்டார். வந்தவாசி ஆசிரியரின் முகவரியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குரூப்பில் கேட்ட தம்பிக்கு என் பதில் இது. போட்டின் ஹெல்ம் ஃபிட்டிங்கில் டேப் சுற்றாதே, நூலும் சுற்றாதே, பேஸ்ட் தீர்ந்துபோனால் வேலையை நிறுத்திவிடு. நல்ல நேரம் போனால் நாளைக்கு இன்னொன்று வரும். ஓட்டுகிறவர் கைக்கு ஒரு மாதிரி தெரிகிறது என்று போன் செய்தால் அன்றைக்கே பஸ் ஏறு. இதையெல்லாம் மீறித் தப்பு நடந்துவிட்டால், பம்பைக் கழுவுவதற்கு முன்னால் வெளியே வந்து, மரத்தடியில் நிற்கிற ஆளிடம் சொல்லிவிடு. அன்றைக்குச் சொல்லியிருந்தால் என் கடை போயிருக்கும், அவ்வளவுதான். முட்டி தேய்ந்து அது எப்படியும் போய்விட்டது.